சாதுல்லா பாயின் நாக்கு

பூந்தமல்லியில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று சாதுல்லா பாய் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மோட்டார் மெக்கானிக். ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு கட்டிக்கொண்டு இஞ்சின் கொதித்துப் போகும். அதனால் ஊற்றுமுன் ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார், துப்புவார், அப்புறம்தான் ஊற்றுவார். பழைய தண்ணீரை இறக்கும்போதும் இதே சோதனைதான். முன்னால் எவன் என்னத்தை ஊற்றினான் என்று தெரிய வேண்டுமாம். கியர் ஆயிலுக்கு விரல், தண்ணீருக்கு நாக்கு. "நாக்கு பொய் சொல்லாது நைனா" என்பார். அந்த நாக்குதான் அவரைக் கொண்டுபோயிற்று. கூடவே என் நாக்கும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உலகநாதன், அவருக்குப் பக்கத்து வீடு. நாற்பத்தாறாம் வருஷம், நோன்பு மாதம். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் சர்க்கரை ரேஷனில்தான். மூன்று வாரமாக அதுவும் வரவில்லை. குமணன்சாவடி கங்காதர முதலியார் ஆவடிப் பட்டாளத்து ஏலத்தில் ஒரு காரை எடுத்திருந்தார். ஏதோ குளிர்தேசத்திலிருந்து கப்பலில் வந்த வண்டி. கியர் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் மாற்றச் சொல்லி பாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்.

பாய் முதலில் வண்டியை வானகரம் வரை ஓட்டிவிட்டு வந்தார். சூடேறினால்தான் ஆயில் இளகும். முருங்கை மரத்தடியில் வண்டிக்குக் கீழே படுத்து கியர் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினார். கறுத்த ஆயில் கொழகொழவென்று இறங்கியது. புது ஆயிலைப் பக்கத்துத் துளை வழியே வழியும்வரை ஊற்றி மூடினார். நோன்பு வாயோடு அத்தனை வேலை. எனக்குப் பார்க்கவே தொண்டை வறண்டது.

இஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் குழாயைத் திறந்தார். வழக்கம்போல ஒரு சொட்டு, நாக்கு நுனியில். உடனே மூன்று தரம் துப்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"நைனா, தித்திக்குது!"

வண்டியின் பின்பெட்டியில் அதே சரக்கு, பிரிக்காத டின்னில் ஒன்று இருந்தது. மேலே எண்களும் பட்டாளத்து அம்புக் குறியும் மட்டும். திறந்தால் தெளிவாக, பாகு மாதிரி இருந்தது. அதையும் தொட்டுப் பார்த்துத் துப்பினார்.

"இன்னா பாய் இது?"

"வெள்ளக்காரன் சர்பத்து. நமக்கு ரேசன், அவன் வண்டிக்கு சக்கரப் பாகு! சாயந்தரம் நோன்பு தொறக்க ஆச்சு, போ."

எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயந்திரம் பாங்கு சொன்னதும் பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, நன்னாரித் தண்ணீரில் அந்தப் பாகைக் கலந்து இரண்டு டம்ளர் குடித்தார். அவர் மனைவி சைனம்பு மோந்து பார்த்துவிட்டு, "வண்டியில கெடந்ததெல்லாம் எனக்கு வேணா" என்று கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். எனக்குச் சொத்தைப் பல், இனிப்புப் பட்டால் உயிர் போகும். அந்தப் பல்லால்தான் இன்றைக்கு இதை எழுத நான் இருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். தெருவில் கால் பின்னியது. பேச்சு குழறியது. காரணமில்லாமல் சிரித்தார். கள்ளுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷர்! நானோ டீக்கடை வாசலில் நின்று, "பாய் நோன்புலயே தண்ணி போட்டுகினு வராரு பாரு" என்று கத்தினேன். கடை முழுக்கச் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தொழுகை முடிவதற்குள் பேச்சு தெருக்கோடிவரை போய்விட்டது.

மறுநாள் காலையில் தெளிவாகத்தான் எழுந்தார். நல்ல தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரை நிரப்பி, வண்டியைக் குமணன்சாவடியில் விட்டார். முதலியார் திருப்திதான். ஆனால், "குடிச்சிட்டு என் வண்டியத் தொடாதே" என்றாராம். பாய் நடந்தே வீடு திரும்பினார்.

அன்று மத்தியானம் வாந்தி. இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறுநீர் நின்றுபோயிற்று. டாக்டரைக் கூப்பிடப் போன சைனம்புவைத் தடுத்துவிட்டாராம். "டாக்டர் வந்தா இன்னா சொல்வாங்க? குடிச்சிக் கெட்டான்னுவாங்க. ரெண்டு நாள்ல சரியாப் பூடும்."

அந்த இரண்டு நாளும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வெட்கம்தான், வேறென்ன. மூன்றாம் நாள் சைனம்பு சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் முகம் ஊதி, கண் பாதி மூடி, மூச்சு இரைத்துக் கிடக்கிறார். முதலியாரிடம் ஓடினேன். அதே வண்டிதான் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வானகரம் தாண்டியதும் பாய் கண் திறந்தார்.

"கேட்டியா நைனா, ரெண்டாவது கியர் சத்தமே இல்ல."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. நான்காம் நாள் போய்விட்டார். அடக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள், திரும்பும்போது எல்லோரும் மெல்ல அந்தக் குடிப் பேச்சையேதான் பேசிக்கொண்டார்கள். நான் காதில் விழாததுபோல நடந்தேன்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, பட்டாளத்தில் வேலை பார்த்த டாக்டர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குளிரில் தண்ணீர் உறையாமலிருக்க வண்டிக்கு ஊற்றுகிற மருந்து அது, தித்திக்கும், முதலில் போதை மாதிரி ஆட்டும், பிறகு சிறுநீரகத்தைக் கொன்றுவிடும் என்றார். "அந்த விஷத்துக்கு முறிவு என்ன தெரியுமா? சாராயம்தான். அன்னிக்கே கொடுத்திருந்தா பிழைச்சிருப்பார்."

அன்று சாயந்திரமே சைனம்புவிடம் போய்ச் சொன்னேன். தலை நரைத்துவிட்டிருந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சாராயத்த நீ ஊத்தியிருந்தாலும் அவரு குடிச்சிருக்க மாட்டாரு அண்ணே" என்றாள். "இப்பவாவது அந்த டீக்கடைக்குப் போ. அன்னிக்கும் அவரு குடிக்கலன்னு சொல்லிட்டு வா."

போனேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.