ஃபிளெக்ஸில் மிஞ்சிய ஒரு வரி

அக்கா மகளுக்குக் காது குத்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்றே, ஃபிளெக்ஸுக்கு வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் தாய்மாமன். பிள்ளை என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். மண்டப வாசலில் மாமன் வீட்டு ஃபிளெக்ஸும் நிற்க வேண்டும். மடிக்குப் படிப்பு தேவையில்லை. ஃபிளெக்ஸுக்குத் தேவை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். மதுரையில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கிற ஒருவன் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரிடம் போய்க் கேட்பது?

அக்கா வாக்கப்பட்டது சோழவந்தானில், கொடிக்கால் வைத்து வெற்றிலை வியாபாரம் பண்ணும் பெரிய குடும்பத்தில். நல்ல மனிதர்கள். கேலி பேசுவதில் மட்டும் சலிக்கவே மாட்டார்கள். கல்யாணத்தில் எங்கள் பக்கம் ஏற்பாடு செய்த பாயசம் கொஞ்சம் நீர்த்துப்போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எது தண்ணியாக இருந்தாலும் அதற்குப் பெயர் ‘மதுரைப் பாயசம்’. சாம்பார், ரசம், மோர், ஒரு முறை சுவருக்கு அடித்த சுண்ணாம்புகூட.

அக்கா போனில் சொன்னாள்: “எந்தம்பி சொந்தமா எழுதுவான்னு இங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்டா. இவங்க பங்காளிங்க ஃபிளெக்ஸப் பாத்துட்டு நம்ம ஃபிளெக்ஸ ஒருத்தரும் திரும்பிப் பாக்கலேன்னா, பாயசத்தோட இதையும் சேத்து நான் ஆயுசுக்கும் கேக்கணும்.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசி வார்த்தைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சும்மா எழுதினால் போதாது, படைப்பாற்றலைப் பெருக்கிக்கொண்டு எழுத வேண்டும் என்று நான் கிளம்பினேன். செல்போனில் அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. முதல் வீடியோ, செல்போனைத் தொடாமல் தினமும் நடக்கச் சொன்னது. சொன்னவர் ஏதோ கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு நாகமலை அடிவாரத்து ரோடு தெரியாது. இங்கே ஒருவன் காரணமில்லாமல் நடந்தால் ஊர் தாங்காது. பத்தடி போனதும் ஒரு வண்டி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று அண்ணன் ஒருவர் விசாரித்தார். இல்லையென்றதும் பஞ்சரா என்றார். சும்மா நடக்கிறேன் என்றேன். “ஏறு மாப்ள, எதுனாலும் பேசிக்கலாம்” என்று வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, எதற்கும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது, மனதை வெறுமையாக்கி ஓரிடத்தில் உட்காருவது. உட்கார்ந்தேன். மனது வெறுமையாகும் முன்பே சின்ன வெங்காயம் ஒரு முறம் நிறைய முன்னால் வந்தது. சும்மாதானே இருக்கிறாய் என்பது அம்மாவின் வாதம். கண்ணீர் வந்தது, கவிதை வரவில்லை.

குளிக்கும்போது யோசனை ஊறும் என்றார்கள். டேங்க் காலியானது. பழகிய வேலையை மறு கையால் செய்தால் மூளையின் பூட்டிய கதவுகள் திறக்கும் என்றார்கள். காலையில் இட்லியை இடது கையால் பிட்டேன். அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார்.

இத்தனை இடைஞ்சலுக்கு நடுவிலும் பன்னிரண்டு வரி எழுதி முடித்தேன். அதில் நிலா இருந்தது, வைகை இருந்தது, கொடிக்காலில் படரும் வெற்றிலைக் கொடி இருந்தது. சம்பந்தி வீட்டு மனம் குளிரட்டுமென்றே அந்தக் கொடியைச் சேர்த்திருந்தேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அதோடு காளவாசலில் இருக்கிற ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

கடை அண்ணன் வரிகளைப் படிக்கவில்லை. “போட்டோ எத்தன தம்பி?” என்றுதான் கேட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் ஃபிளெக்ஸ் என்பது படிப்பதற்கில்லை, தன் முகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. முகம் விட்டுப்போனவர் விசேஷத்துக்கு வரமாட்டார், வந்தாலும் சாப்பிடமாட்டார். கம்ப்யூட்டரில் நடுவே பிள்ளையின் படத்தை வைத்து, சுற்றி என் பன்னிரண்டு வரிகளை அடுக்கிய நேரத்தில், அம்மா சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டிருந்தாள் போல. வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கின.

பெரியப்பா வந்தார், நிலா போயிற்று. சித்தப்பா குடும்பத்தோடு வந்தார், வைகை வற்றியது. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் கூலிங் கிளாஸோடு புல்லட்டில் உட்கார்ந்தபடி வந்தார். புல்லட்டை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, வெட்டினால் மனுசன் மனது நோகும் என்று அம்மா போனில் சொல்லிவிட்டாள். வெற்றிலைக் கொடி மொத்தமும் அந்த டயருக்கு அடியில் போனது. கடைசியில் பிள்ளையின் படத்துக்குக் கீழே ஒரு பட்டை இடம் மிஞ்சியது.

“ஒரு வரி போடலாம் தம்பி” என்றார் கடை அண்ணன். “இன்னொரு மாமா வாரதுக்குள்ள சொல்லுங்க.”

என்னிடம் இருந்த பன்னிரண்டில் எந்த வரியும் தனியாக நிற்கவில்லை. எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு நின்றவை. அண்ணன் தன் கையிருப்பிலிருந்து எடுத்து நீட்டினார்: சிங்கம் உறுமும் பரம்பரை, இளவரசியின் வருகை, எட்டுத் திக்கும் அதிரும் முரசு. எல்லாமே சம்பந்தி வீட்டு ஃபிளெக்ஸில் ஏற்கெனவே இருப்பதாக அக்கா சொல்லியிருந்தாள். அதையே நாமும் போட்டால் அதுதான் மதுரைப் பாயசம்.

அந்த நேரம் பார்த்து அக்கா வீடியோவில் அழைத்தாள். வரி ரெடியா என்று கேட்கத்தான். நான் வாய் திறக்கும் முன் பிள்ளை போனைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு நாளெல்லாம் ஒரே கவலை போலிருக்கிறது.

“மாமா, ஊசி வலிக்குமா?”

வலிக்காது என்று சொல்ல வாய் வரவில்லை. “கொஞ்சூண்டு வலிக்கும்” என்றேன்.

யோசித்தது. “வலிச்சா உன் கையக் கடிச்சுக்கவா?”

“கடிச்சுக்க, தாயி.”

நிம்மதியாக விளையாடப் போய்விட்டது. அக்கா எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்; எனக்கு அந்தப் பட்டை இடம் மட்டும்தான் தெரிந்தது. அண்ணனிடம் நானே கீபோர்டை வாங்கி அடித்தேன்: ‘வலிச்சா கடிச்சுக்க, தாயி. மாமன் கை இருக்கு.’

அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சிங்கம் வைக்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். குட்டியாக வைக்கலாம் என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முரசும் சிங்கமும் நிற்கிற வாசலில் இது போய் என்ன சொல்லிவிடப் போகிறது? வீடியோக்காரர்கள் யாரும் ‘சொந்தக்காரர்களை வரவழைத்து இடத்தைக் குறை’ என்று ஒரு வழியைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வேறு வரியும் இல்லை, வேறு இடமும் இல்லை. பிரிண்ட் போடச் சொல்லிவிட்டேன்.

விசேஷத்தன்று அக்கா மண்டப வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சம்பந்தி வீட்டுப் பெரியவர், அதாவது அவள் மாமனார், இரண்டு ஃபிளெக்ஸுக்கும் நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கள் வீட்டு ஃபிளெக்ஸை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஃபிளெக்ஸின் முன் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்விட்டுப் படித்தார். பிறகு கொடிக்காலிலிருந்து வந்த பங்காளிகளைக் கூப்பிட்டு மறுபடி படித்தார். பேத்தியைத் தூக்கி வந்து விரல் வைத்து, “ஒனக்குத்தான் போட்டிருக்கு” என்று அதற்கும் படித்துக் காட்டினார்.

அங்கேதான் வினை. மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை அழவில்லை, என் வலது கையைத் தூக்கி, மணிக்கட்டுக்குக் கீழே இடம் பார்த்து, வஞ்சனையில்லாமல் கடித்தது. நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அது என்னைக் கண்டிப்போடு பார்த்தது.

“போர்டுல போட்டிருக்குல்ல மாமா.”

மண்டபமே சிரித்தது. அடுத்த காதுக்கு மறு கையை நானே நீட்டினேன்.

அக்கா போன வாரம் பேசினாள். அந்த வீட்டில் இப்போதெல்லாம் பாயசம் வெறும் பாயசம்தானாம். காலில் முள் தைத்தாலோ, ஆணி அடிக்கும்போது விரலில் பட்டாலோ, “மாமன் கைய வரச் சொல்லு” என்கிறார்களாம். அதைச் சொல்லும்போது கடைசி வார்த்தை வரைக்கும் சிரித்தாள்.