பாஸ் போடும் காது

பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலைக்குக் கண்ணை விடக் காதுதான் முக்கியம். எதையாவது சோதித்துச் சரி சொல்லும் வேலையில் இருப்பவர்களே, என் பயம் உங்களுக்குத்தான் புரியும்.

ஒரு சொல், பல வேலை

விருத்தாசலத்தில் எங்கள் கம்பெனி செய்வது வீடுகளில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கட்டை. சூளையிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் குச்சியால் தட்டுவேன். கணீரென்றால் "பாஸ்" என்பேன். சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல்.

பஸ்ஸில் வரும் பெண்களுக்குப் பாஸ் என்றால் மாதச் சீட்டு. பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆபீசில் பில்லுக்குப் பணம் தரச் சம்மதம். வாட்ச்மேனுக்கு லாரி வெளியே போகிற சீட்டு. அவசரப்பட்ட டிரைவரிடம் அவர் ஒருநாள் சொன்னார்: "செக்கிங் அக்கா வாயில பாஸு வந்தாதான் என் கையில பாஸு. செத்த குந்துங்க."

சளி

சளி பிடித்து ஒரு வாரம் காது அடைத்தது. நல்ல கட்டையெல்லாம் செத்த சத்தம் போட்டது. சளி போன பிறகும் வலது காது சரியாகவில்லை. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். இடது பக்கம் சாய்ந்து கேட்டேன். நிறைய ஒதுக்கினால் மாட்டிக்கொள்வேன் என்று சந்தேகமானவற்றுக்கும் பாஸ் சொன்னேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. பக்கத்தில் உட்காரும் சுமதி கேட்டாள்: "ஏங்க்கா, கட்டை உங்ககிட்ட ரகசியமா பேசுதா?"

டெஸ்ட்

காது டாக்டரிடம் போனேன். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஃபெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். டெஸ்ட் எடுத்த பெண் ஹெட்போனைக் கழற்றினாள். "நான் இன்னும் சத்தமே போடலைங்கம்மா."

பத்துக் கட்டை

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விரிசல் விட்ட கட்டையை யாராவது ஈரக் கையோடு தொட்டால்? மறுநாள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நல்லதும் கெட்டதுமாகப் பத்துக் கட்டையைக் கலந்து வைத்துத் தட்டச் சொன்னார். ஒன்பதைச் சரியாகச் சொன்னேன். பள்ளிக்கூடமாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். தப்பிய அந்த ஒரு விரிசல் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நீங்க பாஸ் சொன்ன இத உங்க வூட்டுல மாட்டிக்குவீங்களா?"

இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் போனால் எல்லோரும் கரண்ட்காரர்களைத் திட்டுகிறார்கள், நான் மட்டும் அந்த மூன்று மாதத்தை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.