எப்சிபா எழுதிய 'டவுட்'

ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்தை ஒட்டி இருக்கும் ஒரு விருந்தினர் விடுதியில் எப்சிபா எட்டு வருடமாக வரவேற்பு மேசையில் இருந்தாள். பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மெயில் எழுதுவது, ஜீப் ஏற்பாடு செய்வது எல்லாம் அவள்தான். அவள் இங்கிலீஷை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

போன ஜனவரியில் ஜிஸ்மி வந்தாள். விடுதி முதலாளி கபிரியேலின் அண்ணன் மகள். அயர்லாந்தில் ஆறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, அப்பாவின் ஆபரேஷனுக்காக ஊர் திரும்பியிருந்தாள்.

"வீட்ல சும்மாதான் இருக்கேன். ஒங்க கூட ஒக்காரட்டுமாக்கா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டவள், அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். பதில் கேட்க 'ரிவர்ட் பேக்' என்று எழுதக் கூடாதாம். முதலாளி வெளியூரில் என்பதற்கு 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால் அங்கே யாருக்கும் புரியாதாம். எப்சிபா தலையாட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் சுருக்கென்றது.

அன்று இரவு அவள் இதைச் சொன்னபோது, ஜீப் ஓட்டும் கணவன் சூசையப்பன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "ஓசியில எவளாச்சும் சொல்லிக் குடுப்பாளா? மொதலாளி வீட்டுப் பிள்ள. ஒன் சேர்ல ஒக்காரத்தான் வந்திருக்கா. பாத்துக்க, ஒன் ஜோலி போயிரும்."

அதன் பிறகு ஜிஸ்மி என்ன செய்தாலும் எப்சிபாவுக்கு உறுத்தியது. தன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படிப்பது. கபிரியேல் வந்தால் பேச்சை நிறுத்துவது. ஒருவேளை தப்பாகவே சொல்லிக்கொடுத்து, விருந்தினர் முன்னால் தன்னைக் கோமாளி ஆக்கப் பார்க்கிறாளோ?

மார்ச்சில் ஸ்காட்லாந்திலிருந்து வயதான ஒருவர் மனைவியோடு வந்தார். வந்ததும் வராததுமாகப் பெரிய கவரைத் திறந்து பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், கல்யாணச் சான்றிதழ் என்று மேசைமேல் பரப்பினார். முகம் சிவந்திருந்தது. ஜிஸ்மி எழுந்து போய் அவரிடம் வேகமாக ஏதோ பேசினாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எப்சிபாவுக்குக் காது சுட்டது.

"என்ன சொன்ன அவர்கிட்ட?"

"நீங்க மெயில்ல 'ஐ ஹேவ் எ டவுட்'னு எழுதியிருக்கீங்கக்கா. பாஸ்போர்ட்டு போலின்னு சந்தேகப்படுறீங்கன்னு நெனச்சுட்டாரு. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'னு எழுதணும்."

எப்சிபா நம்பவில்லை. அவள் கேட்டது, பாஸ்போர்ட் நகலில் ஒரு எண் தெளிவாக இல்லை என்றுதான். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கை தூக்கி 'சார், டவுட்' என்றுதானே கேட்டார்கள்? மறுநாள் காலை, ஜிஸ்மி வருவதற்கு முன்பு, தோசை வைக்கும் சாக்கில் அந்த ஸ்காட்லாந்துக்காரரிடம் போய் இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டி, எது சரி என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஜிஸ்மி சொன்னதைத்தான் சொன்னார்.

அப்படியானால் சொல்லிக்கொடுப்பது சரிதான். பிறகு எதற்காகச் சொல்லிக்கொடுக்கிறாள்?

அடுத்த வாரம் பதில் கிடைத்தது. தேநீர் எடுக்கப் போன எப்சிபா திரும்பி வரும்போது, ஜிஸ்மி அவளுடைய மெயிலைத் திரையிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். செல்போனில் மேலே 'சித்தப்பா' என்ற பெயர்.

"எம் மெயில மொதலாளிக்கு அனுப்புறியா?"

ஜிஸ்மி மறைக்கவில்லை. "ஆமாக்கா. ஒங்கள எடுத்துட்டு என்னைய மானேஜரா இங்க ஒக்கார வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எனக்கு இங்க இருக்க இஷ்டமில்ல. அப்பாவுக்குச் சரியானதும் நான் அயர்லாந்து போகணும். நீங்க நல்லா எழுதுறீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சாத்தான் என்னைய விடுவாரு."

"அப்ப எனக்காகச் சொல்லிக் குடுக்கல."

"எனக்காகத்தான் ஆரம்பிச்சேன்."

வேறு யாராக இருந்தாலும் இதில் மனம் நொந்திருக்கும். எப்சிபாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூன்று மாதமாகக் காரணம் புரியாமல்தான் அவள் தவித்திருந்தாள். இருந்தாலும் கையை நீட்டினாள். "போனக் குடு. பாக்கணும்."

ஜிஸ்மி கொடுத்தாள். எப்சிபா நின்றபடியே ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் படித்தாள். தன்னுடைய பழைய மெயிலும், ஜிஸ்மி திருத்திச் சொன்ன பிறகு தானே எழுதிய மெயிலும் ஜோடி ஜோடியாக இருந்தன. கபிரியேலின் கடைசிப் பதில்: 'அவளே போதும் போலிருக்கே.'

அன்று முதல் எப்சிபா தானாகவே ஜிஸ்மியிடம் கேட்க ஆரம்பித்தாள். சொன்ன ஒவ்வொன்றையும் வேறு விருந்தினரிடம் சரிபார்ப்பதை மட்டும் விடவில்லை. ஜிஸ்மிக்கு அது தெரியும். 

ஜூலையில் ஜிஸ்மி விமானம் ஏறினாள். மறுநாள் கபிரியேல் வந்து, "இனிமே மானேஜர் நீதாம்மா" என்றார்.

"எழுதிக் குடுங்க சார்," என்றாள் எப்சிபா.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.