கேலனுக்குப் பத்தொன்பது மைல்

மலையம்மாளுக்கும் அவள் புருஷன் காசிமாயனுக்கும் கல்யாணமாகி இருபது வருஷம். அந்த இருபது வருஷத்தில் இருவரும் வீட்டுக்குள் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு வெற்றிலை போடும் நேரத்துக்குக் காணாது. சண்டை ஒன்றும் இல்லை. பேரையூரில் அவர்களுடையது பெரிய குடும்பம். மாமியார் ஒச்சம்மாள், கொழுந்தன்மார் இருவர், அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள் என்று பதினோரு பேர் புழங்குகிற வீடு. அதில் ஒரு மருமகள் புருஷனை நேராகப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டால் பொழுது அடையும்வரை அதுதான் பேச்சு. ஆகவே மலையம்மாள் சுவரைப் பார்த்து, "கஞ்சி ஆறுது" என்பாள். காசிமாயனும் அந்தச் சுவருக்கே ஒரு "உம்" கொட்டிவிட்டு வந்து உட்காருவார்.

அப்படியானால் குடித்தனம் எங்கேதான் நடந்தது என்று கேட்பீர்கள். மாட்டுவண்டியில் நடந்தது. தோட்டத்து வெங்காயத்தை மதுரை சிம்மக்கல் மண்டிக்கு ஓட்டிப் போவது காசிமாயன் வேலை. விற்பது மலையம்மாள் வேலை. அவருக்கு விலை பேச வராது. தரகன் ஒரு விலை சொன்னால், பாவம், அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே என்று தலையை ஆட்டிவிடுகிற மனுஷன். அதனால் ஒச்சம்மாளே மருமகளை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். ஊர் எல்லை தாண்டியதும் மலையம்மாள் மூட்டைகளின் மேலிருந்து முன்னால் வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். "மச்சான்" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். போக ஒரு நாள், வர ஒரு நாள். பிள்ளைகளுக்குப் பெயர் யோசித்தது, மூத்தவளுக்கு மாப்பிள்ளை முடிவு செய்தது, ஒரு பிள்ளை தவறிப்போனபோது இருவரும் சேர்ந்து அழுதது, எல்லாம் அந்த வண்டியில்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அதற்கு ஆபத்து வந்தது. கல்லுப்பட்டிப் பக்கத்து வியாபாரிகள் லாரி வாங்கிவிட்டார்கள். இவர்கள் வண்டி மண்டியில் நுழையும்போது அவர்கள் சரக்கை விற்று முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாடுகளுக்கும் வயசாகிவிட்டது. "நாமளும் ஒரு சின்ன லாரி எடுத்துப்புடுவோம்" என்று ஒச்சம்மாள்தான் முதலில் சொன்னாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பெட்ரோலை மொடக்கு மொடக்கென்று குடிக்கிற வண்டி வீட்டுக்கு வரக்கூடாது.

வீடே சந்தோஷப்பட்டது. மலையம்மாளுக்கு மட்டும் கவலை பிடித்துக்கொண்டது. லாரி என்றால் டிரைவர் ஒருவன் வேண்டும். அவன் பக்கத்தில் காசிமாயன் உட்காருவார். தனக்கு அதில் இடம் இருக்குமா? இல்லாவிட்டால் இனி சாகும்வரை சுவரோடுதான் பேச வேண்டும். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்ல?

மதுரை மேலவெளி வீதியில் லாரி விற்கிற ஷெட்டு ஒன்று இருந்தது. வாங்க வருகிறவர்களுக்கு வண்டியை ஓட்டிக் காட்டுகிற வேலை சுலைமானுக்கு. முப்பது வயசுக்காரன், சிம்மக்கல்லில் வீடு. மண்டியில் பார்த்த பழக்கத்தில் இவர்களை அண்ணே, அக்கா என்பான். ஓட்டிக் காட்டுவதற்கென்றே பலகை அடித்து வைத்திருந்த ஒரு நீல லாரியையும் ஒரு சிவப்பு லாரியையும் காட்டினான்.

"அண்ணே, நீலம் சின்ன எஞ்சினு. பெட்ரோலு கம்மியாக் குடிக்கும். ஆனா முன்னால ஓட்டுறவரோட சேத்து ரெண்டே பேருதான் உக்காரலாம். செவப்பு பெருசு. மூணு பேரு தாராளமா உக்காரலாம். கேலனுக்குப் பதினஞ்சு மைலு ஓடும்னு சொல்றாக."

மலையம்மாள் மனசுக்குள் விரலை மடக்கினாள். டிரைவர் ஒன்று, அவர் இரண்டு, தான் மூன்று. சிவப்புதான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

காசிமாயன் மாட்டுக்காரர். மாட்டை நுகத்தில் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் அவர் பிடித்ததே இல்லை. "பூட்டிப் பாத்துட்டுத்தான் தம்பி சொல்லுவேன்" என்றார். சரி என்று சுலைமான் ஒரு வழி சொன்னான். தொட்டி வழியப் பெட்ரோல் ஊற்றி, பதினைந்து மணல் மூட்டையை ஏற்றி, கல்லுப்பட்டி வரை போய்த் திரும்புவது. வந்ததும் மறுபடி வழிய ஊற்றினால், ஊற்றினது எவ்வளவோ அவ்வளவு அது குடித்தது.

முதல் நாள் நீலம். சுலைமானும் காசிமாயனும் போய் வந்தார்கள். கேலனுக்குப் பத்தொன்பது மைல் ஓடியிருந்தது. மறுநாள் சிவப்பு. மூன்று பேரும் ஏறினார்கள். ஆத்தா மீனாச்சி, பதினஞ்சு ஓடிட்டாப் போதும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து வேண்டிக்கொண்டே வந்தாள் மலையம்மாள்.

திருப்பரங்குன்றம் தாண்டியதும் விறகு விற்கிற முனியாயி தலையில் விறகுக்கட்டோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அந்த ரோட்டில் போய் வருகிற மலையம்மாளுக்கு அவளைத் தெரியாதா? சுமையோடு நடக்கிறவளைக் கண்டும் காணாதது போல் வண்டி போனால் வண்டிக்காரக் குடும்பத்துக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. "தம்பி, செத்த நிறுத்து" என்றாள். ஏற்றிக்கொண்டார்கள். அப்புறம் கூடைக்காரி ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் ஒருத்தி, தள்ளாத கிழவர் இரண்டு பேர். ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை. இறங்கியவர்கள் சும்மா போனார்களா? மகளுக்குச் சுகமா, மாமியாருக்கு முழங்கால் வலி தேவலையா என்று ஆளுக்கு ஒரு கதை பேசிவிட்டுத்தான் போனார்கள். எஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது. அக்கா மனசு சங்கடப்படுமே என்று சுலைமான் வாயைத் திறக்கவில்லை.

கேலனுக்குப் பதினொரு மைல் வந்தது.

"அக்கா, நின்னு நின்னு எடுத்தா எந்த வண்டியும் குடிக்கத்தான் செய்யும். நாளைக்கு நிக்காம ஒரு தடவ போயிட்டு வருவோம்" என்றான் சுலைமான்.

மலையம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. தன் இடத்தில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டோமே என்று இருந்தது. "வேணாம் தம்பி. நான் ஏறுன வண்டி நிக்காமப் போகாது. என்னைய ஏத்திக்கிட்டு அதுக்குத் தீனி போட்டு மாளாது. நீலத்தையே எடுக்கச் சொல்லு." சொன்னது சுலைமானிடம், காத்திருந்தது புருஷன் பதிலுக்கு. இல்லை புள்ள, நீயும் வரணும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

காசிமாயன் நீல லாரியில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். பக்கத்து இருக்கையைக் கையால் சாண் போட்டு அளந்தார். இறங்கி வந்து, "சரி, நீலமே இருக்கட்டும்" என்றார்.

ஊர் திரும்பும்போது மலையம்மாள் மாட்டுவண்டியின் பின்பக்கமே உட்கார்ந்திருந்தாள். "முன்னால வா புள்ள" என்று அவர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

"இங்கனயே இருக்கேன். பழகிக்கிறணும்ல" என்றாள். பிறகு அவரும் கூப்பிடவில்லை.

புது லாரிக்குப் பின்பக்கத்துப் பலகைத் தொட்டியை மதுரைத் தச்சர்கள்தான் அடித்துக் கொடுப்பார்கள். அதற்கு ஒரு மாசம் ஆகும். கூட நின்று பார்க்க வேண்டும் என்று காசிமாயன் வாராவாரம் மதுரைக்குப் போய்விட்டார். மலையம்மாளுக்கு ஒப்பவில்லை. இந்த மனுஷனுக்கு நான் அம்புட்டுத்தானா என்று அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆனாலும் மனசு கேட்குமா? அவர் ஊருக்கு வந்திருந்த ஒரு நாள் மாமியாரிடம், "தரகன் சொல்ற வெலைக்கு ஒடனே தலைய ஆட்ட வேணாம்னு அவுகள்ட்டச் சொல்லுங்கத்த. பாதியில இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் "உம்" கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நீல லாரி தெருவுக்குள் வந்தது. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. ஓட்டிக்கொண்டு வந்தவர் காசிமாயன். ஸ்டீரிங்கைக் கயிறு மாதிரி நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு, "ஓ... ஓ..." என்று சத்தம் கொடுத்து, வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். பக்கத்தில் இருந்த சுலைமான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

"ஒரு மாசமா நாந்தான் கத்துக் குடுத்தேன். லைசென்ஸும் வாங்கிட்டாரு. மாட்டுக்குச் சொல்றத மட்டும் விடமாட்டேங்கிறாரு."

"நாப்பத்தஞ்சு வயசுல எதுக்குடா இந்தக் கூத்து? ஒரு டிரைவர வச்சுக்கிட்டா ஆகாதா?" என்றாள் ஒச்சம்மாள்.

காசிமாயன் லாரியைவிட்டு இறங்கினார். தம்பிமார், அவர்கள் பெண்டாட்டிகள், தெருச்சனம் அத்தனை பேர் முன்னாலும் பெண்டாட்டியை நேருக்கு நேர் பார்த்தார். "மலையம்மா, மூட்டைய ஏத்தியாச்சுன்னா நீயும் ஏறு. மண்டிக்கு நேரமாகுது."

தெருவே வாயைப் பொத்திக்கொண்டது. மலையம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏறி உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும்தான் கேட்டாள்.

"டிரைவர் வரலையா?"

"எதுக்கு? இதுல ரெண்டு பேருக்குத்தான எடம். நான் ஒண்ணு, நீ ஒண்ணு. செவப்ப எடுத்துருந்தா மூணாவது எடத்துல தம்பியோ தரகனோ எவனாச்சும் வந்து குந்தியிருப்பான். அதான் நீலம்னேன்."

மலையம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன மச்சான்? ஒரு மாசமா நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா?"

"சொல்லணும்னுதான் ரெண்டு தடவ கூப்ட்டேன். நீதான் முன்னால வரலையே. வீட்டுல வச்சு எப்படிச் சொல்ல?"

அவள் அழுதாள். சிரிக்கவும் செய்தாள். அவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு கையால் துண்டை எடுத்து நீட்டினார்.

மற்றவர்களுடைய லாரிகள் பேரையூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மதுரைக்குப் போயின. நீல லாரிக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. கேட்டவர்களிடம் எல்லாம், "மெதுவாப் போனாத்தான் பெட்ரோலு மிச்சம்" என்றார் காசிமாயன். அதைக் கேட்டு ஒச்சம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் மகனைப் போலச் சிக்கனமாக வண்டி ஓட்டுகிறவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆறு மாசம் கழித்துச் சுலைமான் ஷெட்டில் வைத்து மறுபடி ஊற்றி அளந்து பார்த்தான். அவன் முகம் சரியில்லை.

"அண்ணே, கேலனுக்குப் பன்னண்டுதான் வருது. ஊர்ந்துக்கிட்டே போறீக. வழி நெடுக நிறுத்துறீக. வேற எப்படி வரும்?"

காசிமாயன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல யாராச்சும் கேட்டா பத்தொம்பதுன்னே சொல்லு தம்பி. மிச்ச ஏழையும் அவ மண்டியில வெலை பேசி வாங்கிப்புடுவா."

சுலைமான் லாரியைப் பார்த்தான். மலையம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்து, "மச்சான், பொறப்படலாமா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவன் பத்தொன்பது என்றுதான் சொன்னான்.