மணியின் உள்விளிம்பில் இருந்த பெயர்

படம் காட்டிப் பேசும் தொழிலில் குற்றங்களை வரிசைப்படுத்தாமல் வாய் திறக்கக் கூடாது. ஆகவே வரிசை. ஒன்று: பழைய ரஷ்யச் சிற்றரசன் ஒருவன் தன் அரண்மனை மணிக்கோபுரத்துக்காக ஊராரின் செம்புப் பாத்திரங்களைப் பறித்து உருக்கினான். இரண்டு: வார்த்த மணியின் வெளியே தன் பெயரை மட்டும் பொறித்தான். மூன்று: ஊர்க்கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அதே மணியை அடித்தவனை நாடு கடத்தினான். நான்காவது குற்றம் நான் செய்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் எட்டு வருடமாக மண்டபம் மண்டபமாக ஏறி, முதல் மூன்றை மட்டும் சொல்லிவந்தேன். மேடையேறிப் பழகியவர்களுக்கு இந்த வசதி தெரிந்திருக்கும்.

வெஸ்ட்கேட்டில் ஒரு கேள்வி

முதியோர் கூட்டம். கோபுரத்திலிருந்து இறக்கி மரக்கட்டைகள்மேல் வைத்திருந்த மணியைத் திரையில் காட்டினேன். மணிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. வார்த்த தொழிலாளி அரசனுக்குத் தெரியாமல் உள்விளிம்பில் தன் பெயரைச் செதுக்கியிருந்தான் என்றும், மாணவனாக அங்கே போன நான் உள்ளே நுழைந்து அதைக் கண்டுபிடித்தேன் என்றும் சொன்னேன். கைதட்டினார்கள்.

முன்வரிசையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பொறியாளர், திரையையும் என் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது மெலிந்திருந்தேன் என்றேன். அவர் விடவில்லை. “மெலிஞ்சாலும் எலும்பு எலும்புதானே சார்?”

விரியில் சாப்பாட்டு நேரம்

நகரின் தெற்கே விரிப் பகுதியில், நான் முன்பு தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்த கிடங்கு. பெட்டிகளுக்கு நடுவே நின்று முழங்கினேன். அடுத்தவன் உழைப்பில் தன் பெயரை எழுதுகிற எவனும் அந்த அரசனின் வாரிசு என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

பெட்டி அடுக்கும் செல்வம் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னான்: “அண்ணை, நீங்கள் கதைக்கிறதைக் கேட்டால் கோவம் வருது. ஆர்மேலை எண்டுதான் விளங்கேல்லை.”

எனக்கு விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் வாசித்த பெயர்

மணிக்குள் போனது நான் அல்ல. என்னோடு ரஷ்ய மொழி படித்த தவமலர். டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மல்லாந்து, தோள் உரச உள்ளே நுழைந்தாள். எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கடுதாசியில் எழுதினாள். நான் வெளியே குந்தியிருந்து அவள் கணுக்காலைப் பிடித்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் அதைப் பற்றி அவள் எழுத, துண்டுப்பிரசுரமாகப் போட்டோம். எங்கள் இடதுசாரி இயக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அச்சுக்குக் கொடுக்குமுன் எழுதியவர் பெயரை மூன்று சாட்சிகள் முன் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு பொலிஸ் வந்தாலும் ஒருவரும் கழன்றுகொள்ள முடியாது. தவமலர் அன்று வரவில்லை. நான் என் பெயரை வாசித்தேன். அவளைப் பொலிஸிடமிருந்து காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொலிஸ் வரவில்லை. பாராட்டு வந்தது. சாட்சிகளில் ஒருவர் என் தோளில் தட்டிச் சொன்னார்: “தோழர், இனி இது உங்கடை மணி.”

ஆல்பனியில் தேநீர்

போன மாதம். முதல் படத்தைப் போடும்போதே பார்த்துவிட்டேன்: மூன்றாவது வரிசையில், நரைத்த தலையோடு தவமலர். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். ஆனாலும் பழக்க தோஷம், அந்த இடம் வந்ததும் “நான் நுழைந்தேன்” என்றே வாய் சொன்னது. அவள் எழுந்து கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “என்ரை கணுக்காலைப் பிடிச்சனீங்கள். அதையெண்டாலும் சொல்லியிருக்கலாம்.”

கலைந்துகொண்டிருந்தவர்களை ஒலிவாங்கியில் கூப்பிட்டேன். மறுபடி வந்திருந்த பொறியாளர், என்னைக் காரில் கொண்டுவந்த செல்வம், கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெண் ஆகிய மூவரையும் முன்னால் நிற்கச் சொன்னேன். கையோடு கொண்டுவந்திருந்த பழைய பிரசுரத்தின் முதல் பக்கத்தில் என் பெயரைப் பேனாவால் வெட்டி, தவமலரின் பெயரை எழுதி, உரக்க வாசித்தேன். கைதட்டல் இல்லை. தவமலர் கோப்பையை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். பொறியாளர் மட்டும் பேசினார்: “இப்பதான் சார் தோள் கணக்கு சரியா வருது.”

மூன்று குற்றம் செய்தவனை எட்டு வருடம் ஏசி, ஒரு குற்றம் செய்தவனை ஒளித்துவைத்த என் பேச்சுத் தொழிலில் மிஞ்சியது, மூன்று சாட்சிகள் முன் உரக்க வாசித்த இந்த ஒரு பெயர்தான்: சின்னத்தம்பி தவமலர்.