எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை வேண்டாம் என்றேன்

ஜிம் நடத்துகிறவனிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உடம்பை ஏற்ற வருகிறார்கள், மீதிப் பேர் இறக்க வருகிறார்கள். இரண்டு சாராரும் சோற்றைப் பற்றி உண்மை சொல்வதே இல்லை. திருத்துறைப்பூண்டியில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் பதினோரு வருடமாக ஜிம் வைத்திருக்கிறேன். நெல் விளைகிற ஊரில் 'சோற்றைக் குறை' என்று சொல்லிப் பிழைப்பதால் எனக்கு நண்பர்கள் குறைவு. சூடான சோற்றைப் பார்த்ததும் வைராக்கியம் பறந்துபோகும் உங்களைப் போன்றவன்தான் நானும். அதனால் என் மானம் போன கதையையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லலாம்.

ஏற்றியது போதும்

கதிரவன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். என்னிடம் இரண்டு வருடம் எடை தூக்கினான். தோளும் தொடையும் நன்றாக ஏறின, கூடவே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் ஏறியது. ஆணழகன் போட்டியில் எழுபது கிலோ பிரிவில் நிற்க ஆசைப்பட்டான். எடையோ எழுபத்தாறு. சதை போகாமல் கொழுப்பு மட்டும் கரைய வேண்டும். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, மீதி எட்டு மணி நேரத்துக்குள் முட்டை, மீன், சுண்டல் என்று சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், எடை தூக்குவதை மட்டும் விடவே கூடாது என்று வழி சொன்னேன்.

ஜிம்மில் சேரும்போதே எல்லோரிடமும் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுவேன்: சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்ன மாத்திரை போடுகிறீர்கள். அதில் நான் கறார். கதிரவனுக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் பழைய சோறு குடிக்காமல் மகன் வேலைக்குப் போவதைப் பார்த்துவிட்டு அவன் அம்மா அஞ்சம்மாள் மாடியேறி வந்துவிட்டார். படி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் ஆரம்பித்தார்: "ரெண்டு வருஷமா முட்டையா ஊட்டி ஏத்துன ஒடம்ப இப்ப பட்டினி போட்டு எறக்குறீங்களா? அதுக்கு ஏத்தாமயே இருந்திருக்கலாமே மாஸ்டர்!"

எட்டு மணி நேரம்

முத்துப்பேட்டை மீன் வியாபாரி சேகர் அண்ணனுக்கும் இதே முறையை எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருந்தது. மனுஷன் ஏமாற்றுகிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று குரலை உயர்த்தினேன். அவர் பாவமாகக் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்னபடிதான் மாஸ்டர், பதினாறு மணி நேரம் வெறும் பச்சத்தண்ணி. மிச்ச எட்டு மணி நேரமும் விடாம சாப்பிடுறதுதான் கஷ்டமா இருக்கு, தாடை வலிக்குது."

கதிருக்கு நடுவில் கல்

அந்தத் தை மாதத்தில், கதிர் முற்றி நின்ற வயல்களில் புறவழிச்சாலைக்காக அளவுக்கல் நட்டார்கள். கதிரவன் வீட்டின் ஆறு மா நிலத்தில், அதாவது இரண்டு ஏக்கரில், நாலு மா சாலைக்குப் போகிறது என்றார்கள். பண்ணையில் கூலியாளாக இருந்த அவன் தாத்தாவுக்கு உச்சவரம்புச் சட்டத்தில் பட்டாவோடு கிடைத்த நிலம் அது. ஊர் கூடிப் பந்தல் போட்டது. ஐந்து பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் கதிரவனின் அப்பா மாரிமுத்து. கலெக்டர் வந்து கல்லைப் பிடுங்கச் சொல்லும்வரை வாயில் பருக்கை படாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாரிமுத்துவுக்குச் சர்க்கரை வியாதி. தெரிந்தால் பந்தலில் உட்கார விடமாட்டார்கள் என்று ஊரிடம் மறைத்துவிட்டார். விரதம் முடியும்வரை மாத்திரை போடமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பழக்கம் விடாமல் தினமும் காலையில் ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

முதல் நாள் ஐந்து பேரும் சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு கொஞ்சம் குடித்தார்கள். அதை எவனோ போனில் படம் பிடித்து, 'ஜூஸ் குடிக்கும் உண்ணாவிரதம்' என்று பரப்பிவிட்டான். டீக்கடைகளில் கரைவேட்டிக்காரர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலையிலேயே விவசாயிகள் சங்கத் தலைவர் சோமு ஜிம்முக்கு வந்து நின்றார். "பட்டினி கெடக்க சொல்லிக் குடுக்குற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். சாறு இல்லாம தாக்குப் புடிக்க ஒரு வழி சொல்லுங்க மாஸ்டர், மானம் போவுது."

மைக் பிடித்த நாள்

கூப்பிட்டு மரியாதை செய்தால் எனக்குத் தலைகால் புரியாது. பந்தலுக்குப் போனேன். கையில் மைக்கைக் கொடுத்தார்கள். சர்க்கரை ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் விரதம் போச்சு, தண்ணீரும் உப்பும் போதும், மிச்சத்துக்கு உடம்பு தன் கொழுப்பைத் தானே எடுத்து எரித்துக்கொள்ளும் என்று முழங்கினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் நாற்று முடி சுமந்தே உலர்ந்துபோனவர்கள். எரிக்க அவர்களிடம் என்ன கொழுப்பு இருந்தது? பதினாறு மணி நேரம் முடிந்ததும் முட்டைத் தட்டு முன்னால் உட்காரப்போகிற கதிரவனுக்குச் சொன்னதை, எப்போது சாப்பிடுவோம் என்றே தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜிம்மில் கறாராக எழுதி வாங்கும் தாளை அன்று எடுத்துப் போகவில்லை. வாயாலாவது ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், அதுவும் இல்லை.

கைதட்டல் பலமாக இருந்தது. மாரிமுத்து தன் முன்னால் இருந்த சாற்று டம்ளரைத் தூரத் தள்ளினார். "மாஸ்டரே சொல்லிட்டாரு. இனிமே துளி சர்க்கரை என் நாக்குல பட்டா நான் அந்த நெலத்துக்கு சொந்தக்காரன் இல்ல."

மூன்றாம் நாள் பிற்பகல்

திருவையாற்றுப் பக்கம் அறுவடைக்குப் போயிருந்த கதிரவன் மூன்றாம் நாள்தான் திரும்பினான். இரண்டு பேரும் சேர்ந்து பந்தலுக்குப் போனோம். தை மாதக் காற்று சிலுசிலுவென்று அடித்துக்கொண்டிருக்க, மாரிமுத்துவின் பனியன் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. மகனை யாரென்றே தெரியாமல் பார்த்து, "மடையத் தொற, தண்ணி ஏறுது" என்றார். பசி மயக்கம் என்றார் சோமு. நான் மேதாவி, உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

அப்பாவைச் சாய்த்துப் பிடிக்கும்போது வேட்டி மடிப்பிலிருந்து மாத்திரை அட்டை கதிரவன் கையில் விழுந்தது. மூன்று குழி காலியாக இருந்தது. "மாஸ்டர், சுகர் மாத்திரை போட்டிருக்காரு" என்றான். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை ரத்தத்துச் சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். "சர்க்கரை, சர்க்கரை கொண்டாங்க!" என்று கத்தினேன். முந்தின நாள் அதே பந்தலில் சர்க்கரையைத் திட்டிய அதே வாய்தான். ஆம்புலன்சுக்குச் சொன்னோம், அது டவுனிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள் நாலு பக்கமும் போன்கள் உயர்ந்துவிட்டன. சர்க்கரை ஊட்டுகிற படம் பரவினால் போராட்டமே போய்விடும் என்று சோமு தயங்கினார். மாரிமுத்து அரைகுறை நினைவிலும் பல்லைக் கடித்து முகத்தைத் திருப்பினார். கதிரவன் கெஞ்சினான், அழுதான், தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தான். இரண்டு வருடம் நான் ஏற்றிவிட்ட கைக்கு அந்தக் கிழட்டுத் தாடை அசையவில்லை. அந்த ஆள் என் கண்முன்னாலேயே செத்துப்போவார் என்றுதான் நினைத்தேன்.

அஞ்சம்மாள் டீக்கடையிலிருந்து ஒரு பிடி சர்க்கரையோடு ஓடிவந்தார். போன்களைப் பார்க்கவே இல்லை. புருஷனின் கன்னத்தை இழுத்து, ஈறில் சர்க்கரையை அப்பித் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்: "நெலத்துக்காக நிக்கணும்னா நிக்க மொதல்ல காலு வேணும்ல, முழுங்குங்க!"

ஆஸ்பத்திரிக் கட்டில்

குளுக்கோஸ் ஏறியது. ஒரு மணி நேரத்தில் மாரிமுத்துவுக்கு மகனை அடையாளம் தெரிந்தது. முதல் நாள் குடித்த சாறுதான் அவரைத் தாங்கியிருக்கிறது, அதை நிறுத்தியது யார் என்று டாக்டர் கேட்டார். சோமு மின்விசிறியைப் பார்த்தார். நான்தான் என்றேன். டாக்டர் பேசியதை இங்கே எழுத முடியாது, அத்தனையும் நியாயம். வராந்தாவில் கதிரவன் நேரங்காலம் பார்க்காமல் இட்லி தின்றுகொண்டிருந்தான். இன்னும் இரண்டு வையுங்கள் என்று நானே வாங்கிப் போட்டேன்.

அன்று மாலை அதிகாரிகள் வந்து, மறு அளவை நடக்கும் என்று வாயால் சொல்லிவிட்டு மற்ற நாலு பேருக்கும் பழரசம் கொடுத்துப் போனார்கள். கல் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. மறுநாள் காலையில் போய் மாரிமுத்துவின் கட்டிலோரம் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். நோயை மறைத்தது தன் தப்பு என்று அவர் சொல்லுவார், நாமும் தப்பிக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவர் ஊசி குத்திய கையை மெதுவாக நகர்த்தி என்னை உட்காரச் சொன்னார். அப்புறம் சாவகாசமாகச் சொன்னார்: "நீங்க சொன்னதுல தப்பில்ல மாஸ்டர். என்னைய ஒரு வார்த்த கேக்காம சொன்னீங்க பாருங்க, அதான் தப்பு. சர்வேக்காரனும் அப்படித்தான் கல்லு நட்டான்."

அடுத்தவர் உடம்பை ஏற்றவும் இறக்கவும் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதுதான் இன்றுவரை தூக்க முடியாத எடையாக இருக்கிறது.