சார்கோல் புடவை

என் ஓரகத்தி ஓசூரில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக்காரர்களிடம் நிறம் பேசி முடிப்பதுதான் அவள் வேலை. வீட்டிலும் அதே பேச்சு. திரைச்சீலை ஆலிவ், மிதியடி ஸ்லேட், கொழுந்தனார் சட்டை பர்கண்டி. எனக்கு அதெல்லாம் பாசி, பலகை, அரக்கு. "அழுது வடியற கலருக்கெல்லாம் இத்தன பேரா?" என்று கேலி பேசுவேன். உள்ளே வயிறு எரியும். என் மகள் துணி எடுக்க என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, சித்தியோடு போக ஆரம்பித்திருந்தாள்.

நிச்சயதார்த்தப் புடவையாவது என் கையால் எடுக்க வேண்டும் என்று கடை கடையாக ஏறினேன். மகளின் நிறத்துக்குத் தோதாக, பொன் சரிகை போட்ட அடர்சாம்பல் பட்டு கிடைத்தது. மாமியார் முழுதாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போயி கருப்பு எடுத்தாந்திருக்கியே, புத்தி இருக்குதா உனக்கு?"

மறுநாளே கடையில் கொடுத்துவிட்டுத் தக்காளிச் சிவப்பு ஒன்றை மாற்றி வந்தேன். மகள் அதைத் தொடவே இல்லை.

அந்த வாரமே ஓரகத்தி ஒரு பட்டுப்புடவை கொண்டுவந்தாள். நான் முதலில் எடுத்த சாம்பலைவிட ஒரு படி இருட்டு. மாமியார் புருவத்தைத் தூக்கினார்.

"கருப்பில்லீங்க அத்தை, சார்கோல். பெங்களூர்ல கல்யாணத்துக்கே இதத்தான் கட்டறாங்க."

"அப்டியா? எடுப்பாத்தான் இருக்குது."

மகள் சித்தியைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சார்கோல் என்றால் கரி என்று எனக்கும் தெரியும். அதை மாமியாரிடம் சொல்லியிருந்தால் அந்தப் புடவையும் கடைக்குத் திரும்பியிருக்கும். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நிச்சயத்தன்று, கெலமங்கலத்திலிருந்து வந்த சம்பந்தியம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார். ஓரகத்தி காப்பி ஊற்ற உள்ளே போயிருந்தாள்.

"புடவ கருப்பாட்டம் தெரியுதே?" என்று என்னிடம் கேட்டார்.

மகள் சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது. சுருக்கென்றது எனக்கு.

"சார்கோலுங்க. இப்ப எல்லாரும் இதத்தான் கட்டறாங்க" என்றேன். நாக்கு பிசகவில்லை.

அவர் முந்தானையைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. யாருங்க எடுத்தாங்க?"

ஓரகத்தி காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"நான்தானுங்க" என்றேன்.